புலியை எங்கே வைப்பது? மாயப்படை மேசைப்போரில் ஹீரோ தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்தணி, அரக்கோணம், நகரி, புத்தூர், சித்தூர் என்று எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மேசைமேல் பொம்மைப்படை அடுக்கி ஆடுகிறவர்களுக்காக எழுதியது. யூனிட் (ஒன்றாக நகரும் வீரர் கூட்டம்) எடுப்பதில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. தனி ஆளாக வரும் ஹீரோ பக்கம் வந்ததும் பாயிண்ட் (படை எடுக்கும் செலவுக் கணக்கு) எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியாமல் விழிக்கிறார்கள்.

இங்கே சொல்லும் எண்கள் எந்த விதிநூலுக்கானவை?

பெரும்பாலும் வார்ஹேமர் ஃபேண்டசியின் 2010-இல் வந்த எட்டாம் பதிப்புக்கு. பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள் இன்னும் நிறைய இருப்பதால் ஆறு, ஏழாம் பதிப்புகளையும், 2024 ஜனவரியில் வந்த 'தி ஓல்ட் வேர்ல்ட்' விதிகளையும், 'கிங்ஸ் ஆஃப் வார்' ஆட்டத்தையும் தேவையான இடத்தில் தொட்டிருக்கிறோம். விதி மாறினால் எண் மாறும். ஹீரோவைத் தேர்ந்தெடுக்கும் முறை அவ்வளவாக மாறாது.

ஹீரோ என்றால் எதிரியை வெட்டிக் குவிக்கிறவர்தானே? அதிக அடி அடிக்கிறவரை எடுத்தால் போதாதா?

போதாது. முதலில் விட வேண்டிய எண்ணமே இதுதான். ஆடு புலி ஆட்டம் ஆடியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அங்கே புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி பலசாலிதான், ஆனால் ஆடுகள் சேர்ந்து நின்றுவிட்டால் அது நகர இடமில்லாமல் முடங்கிப்போகும். தனியாகப் பாயும் ஹீரோவின் கதையும் அதேதான்.

கணக்காகவே பார்க்கலாம். நான்கு அடி அடிக்கும் ஒரு லார்ட் (மேல்நிலை ஹீரோ), 3+-இல் (டைஸில் 3 அல்லது அதற்கு மேல்) பட்டு, 2+-இல் காயமாகி, எதிரிக்கு 'சேவ்' (அடியைத் தடுக்கும் உருட்டல்) எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக 4 × 2/3 × 5/6, அதாவது 2.2 பேர் சாவார்கள். சண்டையில் ஜெயித்தது யார் என்பது புள்ளிக் கணக்கு: செத்தவர்களும் புள்ளி, பாய்ந்து வந்ததற்கும் ஒரு புள்ளி. மொத்தம் 3.2. எதிரே ஐந்து பேர் அகலத்தில் நான்கு வரிசை நிற்கும் சாதாரண ஈட்டிப்படை. பின்வரிசைகளுக்கு 3, கொடிக்கு 1, ஆக ஒரு அடிகூட அடிக்காமலே அவர்களுக்கு 4 புள்ளி. 250 பாயிண்ட் ஹீரோ சராசரியாகத் தோற்கிறார். தோற்றால் அவர்தான் ஓட்டச் சோதனை (நிற்கிறாரா ஓடுகிறாரா என்ற உருட்டல்) போட வேண்டும். ஒருவேளை அவர் ஜெயித்தாலும், வரிசை அதிகமுள்ள பக்கம் எட்டாம் பதிப்பில் 'ஸ்டெட்ஃபாஸ்ட்': எத்தனை புள்ளியில் தோற்றாலும் லீடர்ஷிப் (படையின் மன உறுதி எண்) குறையாமல் சோதனை போடலாம். ஆடுகள் அசையாது.

அதே லார்ட் வரிசையும் கொடியும் உள்ள ஒரு யூனிட்டுக்குள் நின்றால் அந்த 2.2 பேர் முழு லாபம். கூடவே அவருடைய லீடர்ஷிப்பும் யூனிட்டுக்குக் கிடைக்கிறது.

அப்படியானால் முதலில் யாரை எடுப்பது?

ஜெனரலை, அதாவது படைத்தலைவரை. அவரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய எண் லீடர்ஷிப். வலு, அடி, காயம் எல்லாம் அதற்கப்புறம்.

இரண்டு டைஸ் உருட்டி, லீடர்ஷிப் எண்ணுக்குள் விழுந்தால் யூனிட் நிற்கும். 7 உள்ள படை நிற்க 58 விழுக்காடு வாய்ப்பு. 8 என்றால் 72, 9 என்றால் 83, 10 என்றால் 92. எட்டாம் பதிப்பில் ஜெனரலுக்கு 12 அங்குலத்துக்குள் இருக்கும் யூனிட்டுகள் அவருடைய எண்ணைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். ஓல்ட் வேர்ல்டில் அந்த வட்டம் அவருடைய லீடர்ஷிப் எவ்வளவோ அவ்வளவு அங்குலம். 9 என்றால் 9 அங்குலம்தான். பழைய பழக்கத்தில் 12 என்று நினைத்துப் படையை அகலமாகப் பரப்பிவிட்டு, ஓரத்து யூனிட் ஓடிய பிறகு டேப் எடுக்கிறவர்கள் உண்டு.

படையிலேயே லீடர்ஷிப் 8, 9 உள்ள இனங்களுக்கு (குள்ளர்கள், உயர் எல்ஃப்கள்) ஜெனரலின் எண் அவ்வளவு பெரிய விஷயமில்லை. கோப்ளின், ஸ்கேவன் மாதிரி கூட்டமாக வரும் படைகளுக்கு அதுதான் உயிர்.

படைக்கொடி பிடிக்கும் ஹீரோ அவசியமா? அவர் ஒன்றுமே அடிப்பதில்லையே?

அவசியம். எட்டாம் பதிப்பில் 1000 பாயிண்டுக்கு மேல் எந்த ஆட்டமாக இருந்தாலும் அவர் இல்லாமல் பட்டியல் எழுதாதீர்கள். 12 அங்குலத்துக்குள் தோற்ற லீடர்ஷிப் சோதனைகளை ஒருமுறை மறுபடி உருட்ட விடுகிறார். அவர் நிற்கும் சண்டையில் கூடுதலாக ஒரு புள்ளியும் உண்டு.

இரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்ற, ஸ்டெட்ஃபாஸ்ட் இல்லாத ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தன் லீடர்ஷிப் 7 மட்டும் இருந்தால் இரண்டு குறைந்து 5-க்குள் உருட்ட வேண்டும்: நிற்க 28 விழுக்காடு. 9 உள்ள ஜெனரல் அருகில் இருந்தால் 7-க்குள்: 58. அதோடு படைக்கொடியும் வட்டத்துக்குள் இருந்தால் 83. ஒரே யூனிட், ஒரே தோல்வி, மூன்று மடங்கு வாய்ப்பு. வாளைச் சுழற்றுகிற எந்த ஹீரோவும் நூற்றுச் சொச்சம் பாயிண்டில் இதைத் தர மாட்டார்.

ஆறு, ஏழாம் பதிப்புகளில் அந்த மறு உருட்டல் சண்டையில் தோற்று ஓடும் சோதனைக்கு மட்டும். பீதி, அச்சம் போன்றவற்றுக்குக் கிடையாது. புத்தகத்தை மாற்றி ஆடும்போது சண்டை வரும் இடம் இது, முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஜெனரலே படைக்கொடியையும் பிடிக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். புதிதாக ஆடுகிற தம்பிகள் ஒரே பொம்மையில் இரண்டையும் முடிக்கப் பார்ப்பார்கள்.

மந்திரவாதி எத்தனாம் நிலை? இரண்டாம் நிலையில் இருவர் நல்லதா, நான்காம் நிலையில் ஒருவரா?

எட்டாம் பதிப்பில் நான்காம் நிலையில் ஒருவர். மந்திர டைஸ் எத்தனை என்பதைத் தீர்மானிப்பது இரண்டு டைஸ் உருட்டல், சராசரி 7. மந்திரவாதிகள் எத்தனை பேர் வந்தாலும் அந்த ஏழைத்தான் பங்கு போட வேண்டும். பானை ஒன்று, பந்தியில் ஆள் இரண்டு.

நிலை எண் உருட்டலோடு கூட்டப்படுவதால் வித்தியாசம் பெரிது. 10 தேவைப்படும் மந்திரத்தை இரண்டு டைஸில் நான்காம் நிலை மந்திரவாதி 72 விழுக்காடு முறை சொல்லிவிடுவார், இரண்டாம் நிலைக்காரர் 42. மூன்று டைஸ் போட்டால் 95-க்கு 84. எதிரி மந்திரத்தை முறிக்கும்போதும் அதே +4, +2 வித்தியாசம். இரண்டாம் நிலைக்காரர் உருட்டித் தவறினால் அந்த மந்திரக் கட்டம் முழுவதும் அவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆறு டைஸை ஒரே மந்திரத்தில் கொட்டுவது பலருக்குப் பிடித்த வித்தை. இரண்டு ஆறு விழுந்தால் அந்த மந்திரத்தை யாரும் தடுக்க முடியாது, அதே சமயம் விபத்தும் நடக்கும். ஆறு டைஸில் அதற்கு 26 விழுக்காடு, நான்கில் 13, மூன்றில் 7, இரண்டில் 3-க்கும் கீழே. விபத்து நடந்தால் பக்கத்தில் நிற்கிறவர்கள் மேல் வலு 10 அடி விழலாம். ஆகவே மந்திரவாதியை விலையுயர்ந்த காவல்படைக்குள் வைக்காதீர்கள். மலிவான பத்துப் பேர் போதும், பின்னால் நிறுத்துங்கள்.

எதிரி மந்திரத்தை முறிக்கும் மாயப் பொருளான முறிப்புச் சுருள் 25 பாயிண்ட். மாயப் பொருள் எதுவும் ஒரு படையில் ஒன்றுக்கு மேல் கிடையாது என்பதால் எட்டாம் பதிப்பில் அது ஒன்றே ஒன்றுதான். அதை எடுக்காமல் விடக் காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

ஓல்ட் வேர்ல்டில் பொதுப் பானை கிடையாது. ஒவ்வொரு மந்திரவாதியும் இரண்டு டைஸோடு தன் நிலையைக் கூட்டிக்கொள்கிறார். அங்கே இரண்டாமவருக்கும் வேலை உண்டு.

மொத்தத்தில் ஹீரோக்களுக்கு எவ்வளவு பாயிண்ட் ஒதுக்கலாம்?

எட்டாம் பதிப்பில் லார்டுகளுக்கு 25 விழுக்காடு, ஹீரோக்களுக்கு 25 விழுக்காடு உச்சம். 2000-இல் 500, 500. கோர் படை (அடிப்படை வீரர்கள்) குறைந்தது 25 விழுக்காடு. விதி அனுமதிக்கிறது என்பதற்காக 1000 பாயிண்டும் கொட்டினால் மேசையில் நிற்க ஆள் இருக்காது. எங்கள் கணக்கு 600 முதல் 750 வரை: நான்காம் நிலை மந்திரவாதி, லீடர்ஷிப் உள்ள ஜெனரல், படைக்கொடிக்காரர். நான்காவது ஹீரோ வேண்டுமென்றால் அவருக்கென்று ஒரு வேலையை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். 'எதிரி பீரங்கியைப் பிடிப்பார்' என்று எழுத முடிந்தால் எடுங்கள். 'பார்க்க நன்றாக இருக்கிறார்' என்றால் அலமாரியில் வையுங்கள்.

சிக்கல் ஒன்று உண்டு. நான்காம் நிலை மந்திரவாதியும் பெரிய ஜெனரலும் இருவருமே லார்ட் பங்கில் வருவார்கள், அந்த 500 இருவருக்கும் பத்தாது. அப்போது ஜெனரலின் ஆயுதத்தைக் குறையுங்கள், மந்திரவாதியின் நிலையில் கை வைக்காதீர்கள். சில படைகளில் மந்திரவாதிக்கே லீடர்ஷிப் 9 இருக்கும். அவரே ஜெனரலாகிவிட்டால் மொத்தச் செலவும் பாதி. ஆனால் அவர் பின்னால் நிற்பதால் 12 அங்குல வட்டமும் பின்னாலேயே நிற்கும்.

ஆறு, ஏழாம் பதிப்புகளில் விழுக்காடு கிடையாது, எண்ணிக்கை. 2000-க்குக் கீழே மூன்று ஹீரோ, லார்ட் கிடையாது. 2000 முதல் 2999 வரை நான்கு பேர், அதில் ஒருவர் லார்ட். ஓல்ட் வேர்ல்டில் எல்லாருக்கும் சேர்த்து 50 விழுக்காடு வரை.

மாயப் பொருள் வாங்கும்போது காசு எங்கே வீணாகிறது?

பாதுகாப்பில். 'வார்டு சேவ் வேண்டும்' என்று கண்ணை மூடிக்கொண்டு 45 பாயிண்டில் டாலிஸ்மன் ஆஃப் பிரிசர்வேஷன் வாங்குவார்கள். 4+ வார்டு சேவ், கவசம் தவறிய பிறகும் எந்த அடிக்கும் பாதிக்குப் பாதி. ஹீரோ கவசம் போட முடியாத மந்திரவாதி என்றால் சரி. குதிரைமேல் முழுக்கவசத்தோடு 1+ சேவ் இருக்கிறவருக்கு 25 பாயிண்ட் டான்ஸ்டோன் என்ன செய்யும் என்று பாருங்கள். அது தவறிய கவச 'சேவ்' உருட்டலை மறுபடி போட விடுகிறது.

வலு 4 அடி வந்தால் 1+ சேவ் 2+ ஆகும். தவற ஆறில் ஒன்று, மறுபடி உருட்டினால் முப்பத்தாறில் ஒன்று. வலு 5-க்கு 3+, தவறுவது ஒன்பதில் ஒன்று. வலு 6-க்கு நான்கில் ஒன்று. வலு 7 வந்தால்தான் ஒன்பதில் நான்கு, அதாவது 44 விழுக்காடு. கவசத்தோடு 4+ வார்டும் இருப்பவருக்கு அப்போது தவறுவது மூன்றில் ஒன்று, அங்கே வார்டு மேல். வலு 6 வரை டான்ஸ்டோன் குறைவில்லை, 20 பாயிண்டும் மிச்சம். வலு 10 பீரங்கிக்கு இது கைகொடுக்கவே கொடுக்காது, வார்டு கொடுக்கும்.

சின்னச் செலவில் பெரிய பலன் தருபவை: 5 பாயிண்ட் என்சான்டட் ஷீல்டு, 10 பாயிண்ட் டிராகன்ஹெல்ம், 5 பாயிண்ட் லக்ஸ்டோன். பெரிய செலவில் சின்னப் பலன் தருபவை பெரும்பாலும் மாய வாள்கள். 40 பாயிண்ட் ஓகர் பிளேடு வலுவை 2 கூட்டுகிறது. சாதாரண இருகை ஆயுதமும் வலுவை 2 கூட்டும், அதன் விலை சில பாயிண்ட்தான். இருகை ஆயுதக்காரர் கடைசியில் அடிக்க வேண்டும் என்பது உண்மை. 1+ சேவ் உள்ளவருக்கு அது பெரிய குறையில்லை, அவர் அடிவாங்கிவிட்டுத் திருப்பி அடிப்பார்.

ஒருவர் மேலேயே 100 பாயிண்ட் பொருள் ஏற்றுவதைவிட இருவர் மேல் பிரித்து வையுங்கள். ஒரு பீரங்கிக் குண்டு எல்லாவற்றையும் கொண்டுபோகாது.

ஜெனரலை டிராகன் மேல் ஏற்றலாமா?

ஆசைக்கு ஏற்றலாம். ஜெயிக்க வேண்டுமென்றால் எதிரிப் படையில் பீரங்கி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு ஏற்றுங்கள்.

எட்டாம் பதிப்பில் பீரங்கிக் குண்டு வலு 10, காயம் ஒரு டைஸ் அளவு, பெரிய மிருகத்தில் பட்டால் மிருகத்துக்கும் மேலே உட்கார்ந்திருப்பவருக்கும் இருவருக்குமே அடி. காலாளாகக் குறைந்தது ஐந்து சாதாரண வீரர்கள் உள்ள யூனிட்டில் நிற்கும் ஹீரோவுக்கு 'லுக் அவுட் சார்' உண்டு, 2+ விழுந்தால் வேறொருவர் குறுக்கே பாய்ந்து உயிர் கொடுப்பார். டிராகன் மேல் இருப்பவருக்கு யாரும் குறுக்கே பாய முடியாது. 500 பாயிண்ட், லீடர்ஷிப் வட்டம், ஜெனரலைக் கொன்றதற்கு எதிரிக்குக் கூடுதல் 100 புள்ளி, எல்லாம் முதல் சுற்றிலேயே போய்விடலாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. அரக்கோணத்துக்குப் பக்கத்துத் தக்கோலத்தில் 949-இல் நடந்த போரில், முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். கொன்றவன் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு வந்த கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். 'யானை மேல் துஞ்சிய தேவர்' என்ற பெயர் இராசாதித்தனுக்கு அப்படி வந்தது. சோழப்படை தோற்றது. உயரத்தில் இருப்பவர் எல்லாருக்கும் தெரிவார், அம்புக்கும் தெரிவார்.

மிருகம் வேண்டும் என்றே தீர்மானித்துவிட்டால் அதில் ஜெனரலல்லாத லார்டை ஏற்றுங்கள், ஜெனரல் காலாளோடு நிற்கட்டும். முதல் சுற்றில் மிருகத்தை மலைக்கோ காட்டுக்கோ பின்னால் மறைத்து வையுங்கள். பீரங்கியைப் பிடிக்க வேகமான ஒரு சின்ன யூனிட்டை முன்னே அனுப்புங்கள்.

குதிரைக்காரர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை: குதிரைமேல் இருக்கும் ஹீரோ காலாள் யூனிட்டில் சேரலாம், ஆனால் படைவகை வேறு என்பதால் லுக் அவுட் சார் கிடையாது.

யூனிட்டுக்குள் ஹீரோ எந்த இடத்தில் நிற்க வேண்டும்?

முன்வரிசையில். அதில் நடுவா ஓரமா என்பதுதான் கேள்வி. இரண்டு பக்கமும் ஒரே அகலம், ஒரே அளவு அடித்தட்டு (பொம்மை நிற்கும் தட்டு) என்றால் நடுவில் நிற்பவரை மூன்று எதிரிகள் தொடுவார்கள், ஓரத்தில் நிற்பவரை இரண்டு பேர்தான். மந்திரவாதியும் படைக்கொடிக்காரரும் ஓரத்துக்குப் போகட்டும், அடிக்கிறவர் நடுவில். எதிரி பக்கவாட்டில் பாயும் அபாயம் இருக்கும் பக்கத்து ஓரத்தில் மட்டும் யாரையும் வைக்காதீர்கள்.

ஓல்ட் வேர்ல்டுக்கு மாறியவர்கள் அடித்தட்டை மறந்துவிடுகிறார்கள். மனிதக் காலாள் அடித்தட்டு 20 மி.மீ.யிலிருந்து 25 ஆகிவிட்டது. பழைய ஹீரோவை அப்படியே நுழைத்தால் வரிசை கோணலாகும்.

ஒற்றைக்கு ஒற்றை சவால் விட்டால் ஏற்க வேண்டுமா?

யூனிட் சாம்பியன் (யூனிட்டின் முன்னணி வீரர்) எதற்கு இருக்கிறார்? பத்துப் பாயிண்ட் ஆள். எதிரி லார்ட் சவால் விட்டதும் அவரை முன்னே தள்ளுங்கள். அவர் சாவார், அதுதான் அவர் வேலை. இல்லாவிட்டால் எதிரி உங்கள் மந்திரவாதியைச் சுட்டிப் பின்வரிசைக்கு அனுப்புவார், அந்தச் சுற்றில் அவர் சண்டையிட முடியாது, அவர் லீடர்ஷிப்பையும் யூனிட் பயன்படுத்த முடியாது. ஜெனரல் பின்னால் போனால் இன்னும் மோசம்.

சவாலில் மிஞ்சிய காயங்களும் ஐந்து வரை புள்ளியாகும். ஆகவே சாம்பியனைத் தள்ளினால் யூனிட் தோற்கத்தான் செய்யும், அதைத் தாங்கப் படைக்கொடி பக்கத்தில் வேண்டும். நீங்கள் சவால் விடுவதென்றால், எதிரி யூனிட்டில் சாம்பியன் செத்த பிறகு விடுங்கள்.

பெயருள்ள பிரபல ஹீரோக்களை எடுக்கலாமா?

அவருடைய சிறப்பு விதி உங்கள் முழுப் படையையும் மாற்றுகிறது என்றால் எடுங்கள். இல்லையென்றால் வேண்டாம். அவர்களுடைய பொருட்களை மாற்ற முடியாது, பாதிக்கு உபயோகம் இருக்காது, விலை முழுதாகக் கொடுக்க வேண்டும்.

1000 பாயிண்ட் சின்ன ஆட்டத்தில்?

இரண்டு பேர். ஜெனரல், படைக்கொடி. மூன்றாவது ஆளுக்கு இடமிருந்தால் இரண்டாம் நிலை மந்திரவாதி, முறிப்புச் சுருளோடு. படை சின்னது என்பதால் 12 அங்குல வட்டத்துக்குள் எல்லாமே அடங்கிவிடும், லீடர்ஷிப் இன்னும் பலன் தரும்.

கிங்ஸ் ஆஃப் வாரில் இதெல்லாம் பொருந்துமா?

அங்கே ஹீரோ யூனிட்டில் சேர்வதில்லை, தனியாகத் திரிவார். ஆனால் முக்கியமான வேலை அதேதான். 'இன்ஸ்பைரிங்' உள்ள ஹீரோவுக்கு 6 அங்குலத்துக்குள் உள்ள நட்பு யூனிட் சிதறினால், எதிரி அந்த உருட்டலை மறுபடி உருட்டியாக வேண்டும். 12 அல்ல, 6. ஆகவே நான்கைந்து யூனிட் அகலத்துக்கு ஒருவர் போதாது. மலிவான கொடிக்காரர் இருவரை இடைவெளி விட்டு நிறுத்துங்கள். எத்தனை ஹீரோ என்பது பெரிய யூனிட்டுகள் எத்தனை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது, ரெஜிமென்ட், ஹோர்டு எடுத்தால்தான் இடம் திறக்கும். அதனால் அங்கே பட்டியலைக் கீழிருந்து எழுத வேண்டும்: முதலில் படை, பிறகு ஹீரோ.

ஹீரோ பொம்மையில் ஆயுதத்தை மாற்றிக்கொள்ளும்படி செய்வது எப்படி?

கைக்கு 2 × 1 மி.மீ., உடல் அல்லது பறவைச் சிறகுக்கு 3 × 1 மி.மீ. நியோடிமியம் காந்தம். கைத்துளைப்பானில் அதே விட்டமுள்ள முனை போட்டு, காந்தம் முகப்போடு சமமாக உட்காரும் ஆழம் துளைக்கவும். தவறு நடப்பது துருவத்தில்: ஒட்டுவதற்கு முன் இரண்டு காந்தத்தையும் சேர்த்து வைத்து, வெளியே தெரியும் முகங்களில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். புள்ளி வைத்த முகம் பசைக்குள் போக வேண்டும். ஒரு ஹீரோவின் எல்லாக் கைகளுக்கும் ஒரே துருவம் வையுங்கள், இல்லையென்றால் கேடயம் ஒட்டும், வாள் எகிறும்.

வாள் கை உடைந்துவிட்டது. ஒட்டினாலும் மறுபடி உடைகிறது.

பசை மட்டும் போதாது, புத்தூர் கட்டு போட வேண்டும். மூங்கில் பத்தைக்குப் பதில் பேப்பர் கிளிப் கம்பி. இரண்டு பக்கமும் 1 மி.மீ. துளை, ஒவ்வொன்றும் 3 முதல் 4 மி.மீ. ஆழம். ஒரு பக்கம் துளைத்து, விளிம்பில் ஈரப் பெயின்ட் தொட்டு மறுபக்கத்தோடு அழுத்தினால் எங்கே துளைக்க வேண்டும் என்று தடம் விழும். கம்பியை ஒரு பக்கம் ஒட்டிக் காயவிட்டு, பிறகு மறுபக்கம்.

படைக்கொடிக்காரரின் கொடிக்கு நகரி, புத்தூர்ப் பக்கம் தறித் துண்டுக்குப் பஞ்சமில்லை. மெல்லிய பருத்தித் துணியைத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து, மடிப்புக் கொடுத்துக் காயவிட்டால் காகிதக் கொடியைவிட நன்றாக நிற்கும். கம்பு மட்டும் உலோகமாக இருக்கட்டும், பிளாஸ்டிக் கம்புதான் பெட்டியில் முதலில் ஒடியும்.

ஸ்பிரே பிரைமர் அடித்தால் முகம் மணல் மணலாகிறது. ஏன்?

வெயில். திருத்தணியின் கத்திரி வெயிலில் மதியம் அடித்தால் பெயின்ட் பொம்மைக்குப் போவதற்குள் காற்றிலேயே காய்ந்து தூளாக ஒட்டும். சாதாரண வீரனில் தெரியாது, ஹீரோவின் முகத்தில் தெரியும். காலை 6, 7 மணிக்கு, டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கி, 20 முதல் 30 செ.மீ. தூரத்தில், மெல்லிய இரண்டு பூச்சு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நேர்மாறு: ஈரத்தில் வெண்படலம் படியும். அந்த மாதங்களில் தூரிகையால் பூசும் பிரைமர்தான் சரி. டப்பாவை 50 டிகிரிக்கு மேல் சூடாக விடக்கூடாது, வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

அதே வண்டியில் 3டி அச்சில் எடுத்த ஹீரோவையும் விடாதீர்கள். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி அருகிலேயே இளகும், ஈட்டி வளையும். வளைந்தால் வெந்நீரில் பத்துப் பதினைந்து நொடி, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் பிடியுங்கள்.

ஒருவர் தமிழில் ஆடுகிறார், எதிரே உள்ளவர் தெலுங்கில். குழப்பம் வருகிறதே?

வரும். விதிச் சொற்களை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், பேச்சு எந்த மொழியிலும் ஓடட்டும். ஆட்டத்துக்கு முன் ஒரு சீட்டில் நான்கு விஷயம் எழுதிக் கொடுங்கள்: ஜெனரல் யார், படைக்கொடி யார், மந்திரவாதி எத்தனாம் நிலை, எந்தப் பொம்மை யாரைக் குறிக்கிறது. மாயப் பொருட்களை மறைத்து வைத்து ஆடுவதா திறந்து வைத்தா என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். ஹீரோவின் காயத்தைக் காட்டும் சின்ன டைஸை அவருக்குப் பின்னால் வையுங்கள், பக்கத்தில் வைத்தால் யாராவது எடுத்து உருட்டிவிடுவார்கள்.

தாயம் ஆடிப் பழகிய பெரியவர்கள் மேசையில் உட்கார்ந்தால் ஒன்று விழுந்ததும் மகிழ்வார்கள். இங்கே அடிக்கும்போதும் சேவ் போடும்போதும் ஒன்று விழுந்தால் தவறியது என்று அர்த்தம். முன்பே சொல்லிவிடுங்கள்.

பட்டியல் எழுதிவிட்டேன். சரியா என்று எப்படிப் பார்ப்பது?

ஜெனரலையும் படைக்கொடியையும் மேசையில் வைத்து, 24 அங்குல நூலை இரண்டாக மடித்து ஒவ்வொருவரைச் சுற்றியும் வட்டம் காட்டிப் பாருங்கள். இரண்டு வட்டத்துக்கும் வெளியே நிற்கும் யூனிட்டுகளை எண்ணுங்கள். அவை தாமாக நிற்கும் லீடர்ஷிப் 8-க்கு மேல் உள்ளவையா, அல்லது ஓடினாலும் பரவாயில்லை என்ற மலிவு ஆட்களா? இரண்டுமில்லை என்றால் அடிக்கிற ஹீரோவை எடுத்துவிட்டு அந்தப் பாயிண்டில் அங்கே இன்னொரு வரிசை சேருங்கள்.

பிறகு ஜெனரலை மேசையிலிருந்து எடுத்துவிட்டு, மூன்றாம் சுற்றில் அவர் செத்துவிட்டதாக வைத்து மீதி மூன்று சுற்றை ஆடிப் பாருங்கள்.